பங்காளியின் கடமை

நம் ஊர்ப் பக்கத்தில் 'பங்காளி' என்று ஒரு சொல் உண்டு. ஒரே பாட்டன் சொத்தில் பங்கு உடையவர்கள் பங்காளிகள். நிலத்தைப் பிரித்தால் அவர்களுக்குப் பங்கு உண்டு. கிணற்று நீரில் முறை உண்டு. ஆனால் உறவு அதோடு முடிந்துவிடுவதில்லை. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் இவன் வீட்டிலும் தீட்டு. பத்து ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியாக இருந்தாலும் தீட்டு தீட்டுத்தான். பொங்கல் வந்தாலும் புதுப்பானை ஏற்றமாட்டார்கள்.

தீட்டில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அந்தப் பழைய வழக்கத்திற்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. சொத்தில் பங்கு கொண்டவன் துக்கத்திலும் பங்கு கொள்ள வேண்டும் என்பதே அந்த நியாயம். வரவு வரும்போது கை நீட்டிவிட்டு, வழக்கு வரும்போது "நான் யாரோ, அவன் யாரோ" என்று சொல்ல முடியாது.

இந்த நியாயம் இன்று பெருகிவரும் புதிய பங்காளிகளுக்கும் பொருந்துமா? இதுவே நான் கேட்க விரும்பும் கேள்வி. கம்பெனிப் பங்குகளை வாங்குவோரைத்தான் புதிய பங்காளிகள் என்கிறேன். 2020 மார்ச்சில் இந்தியாவில் பங்குகளை வைத்துக்கொள்ளும் டீமேட் கணக்குகள் ஏறத்தாழ 4 கோடி இருந்தன. 2024 மார்ச்சில் அவை 15 கோடியைத் தாண்டிவிட்டன. ஒருவருக்கே இரண்டு மூன்று கணக்குகள் இருக்கலாம். இருந்தாலும் பெருக்கம் பெருக்கமே. நம் விடுதியைப் பாருங்கள். முன்பெல்லாம் சாப்பாட்டு மேசையில் சினிமாவும் கிரிக்கெட்டும் பேசப்பட்டன என்று மூத்தவர்கள் சொல்கிறார்கள். இன்று காலை இட்லிக்குச் சட்னி வருவதற்கு முன்பே கைப்பேசியில் பச்சையும் சிவப்பும் ஓடத் தொடங்கிவிடுகின்றன.

பிறரைக் குறை கூற எனக்குத் தகுதி இல்லை. நானும் ஒரு பங்காளிதான். சென்ற ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த பணத்தில் ஒரு கம்பெனியில் 12 பங்குகள் வாங்கினேன். வங்கிகளுக்கும் அலுவலகங்களுக்கும் காவலாட்களையும் துப்புரவாட்களையும் அனுப்பும் கம்பெனி அது. அதன் பெயர் இங்குத் தேவையில்லை. வாங்கிய நான்கு மாதத்தில் விலை நன்றாக ஏறியது. "ஆட்செலவைக் கட்டுக்குள் வைத்ததால் இலாபம் உயர்ந்தது" என்று ஓர் அறிக்கையில் படித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. வீட்டுக்குப் போன் செய்து அம்மாவிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

வளாக வாயிலுக்கு எதிரே ஓர் ஏ.டி.எம். அறை இருக்கிறது. அதன் வாசலில் இரவுக் காவலராக ஒருவர் நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார். பாலமூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ஐம்பது வயது இருக்கும். ஆய்வுக்கூடத்திலிருந்து நேரம் கழித்துத் திரும்பும் இரவுகளில் அவரோடு தேநீர் குடிப்பேன். என் அரைகுறைத் தெலுங்கில் அவரை 'அன்னா' என்பேன். அவர் என்னைப் 'பாபூ' என்பார். ஓர் இரவு தேநீர் வேண்டாம் என்றார். வற்புறுத்திக் கேட்டேன். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை, கடைக்காரரிடம் கடன் ஏறிவிட்டது என்றார். அவருடைய முதுகுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவுக்குள் இலட்சக்கணக்கில் பணம் இருந்தது. அதைக் காக்க அவர் விழித்திருந்தார். அவருக்குத் தேநீருக்குக் காசு இல்லை.

அப்போதுதான் அவருடைய சட்டைக் கையில் தைத்திருந்த பெயரைப் படித்தேன். என் கைப்பேசியில் பச்சை நிறத்தில் ஏறிக்கொண்டிருந்த அதே பெயர்.

தோழர்களே, அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அறிக்கையில் படித்த 'ஆட்செலவு' என்ற சொல்லுக்கு முகம் முளைத்துவிட்டது. அவருக்கு வராத சம்பளத்தால்தான் என் பங்கு ஏறியது என்று என்னால் மெய்ப்பிக்க முடியாது. ஆனால் அவருக்குச் சம்பளம் தராத கம்பெனியில் நான் ஒரு பங்காளி என்பதை மறுக்கவும் முடியாது.

சட்டம் என்னை விடுவிக்கிறது. கம்பெனி கடன்பட்டு வீழ்ந்தால் பங்குதாரன் இழப்பது தான் போட்ட பணத்தை மட்டுமே. அதற்கு மேல் ஒருவரும் அவனைக் கேட்க முடியாது. பிரிட்டனில் 1855இல் சட்டமாகி, இரண்டே ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்த ஏற்பாடு இது. இது வேண்டாத ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. முன்பின் அறியாத ஆயிரம் பேர் சிறுசிறு பணம் போட்டு ஓர் ஆலையோ கப்பலோ உருவாக்க இதுவே வழி செய்தது. ஆனால் கடனுக்குப் போட்ட வரம்பை மனச்சாட்சிக்கும் போட்டுக்கொண்டோம். அதுதான் பிழை.

"பன்னிரண்டு பங்கு வைத்திருப்பவன் என்ன செய்ய முடியும்?" என்று என் அறைத்தோழன் கேட்டான். நியாயமான கேள்வி. நான் அறிவியல் மாணவன். அறிவியலைக் கொண்டே விடை சொல்கிறேன். குடுவைக்குள் அடைபட்ட காற்று அதன் சுவரை அழுத்துகிறது. எந்த ஒரு மூலக்கூறைக் கேட்டாலும், "என் மோதல் கணக்கில் வராது" என்றே சொல்லும். அது சொல்வது உண்மைதான். ஆனால் அத்தனையும் சேர்ந்தால் குடுவை வெடிக்கிறது. சிறியவன் என்பதால் பொறுப்பும் சிறியதாகலாம்; இல்லாமலே போய்விடாது.

பங்குதாரர்களால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் உண்மையன்று. அதற்குச் சான்று இந்த ஐதராபாத் நகரிலேயே இருக்கிறது. 2008 டிசம்பர் 16 அன்று சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் இயக்குநர் குழு ஒரு முடிவு எடுத்தது. தலைவர் ராமலிங்க ராஜுவின் குடும்பத்தாருக்குப் பெரும் பங்கு இருந்த மேட்டாஸ் என்ற இரு கம்பெனிகளை 160 கோடி டாலர் கொடுத்து வாங்குவது என்பதே அந்த முடிவு. சத்யம் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் மேட்டாஸ். பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள். நியூயார்க் சந்தையில் சத்யம் பங்கின் விலை ஒரே நாளில் பாதிக்கு மேல் சரிந்தது. பொழுது விடிவதற்குள் முடிவு கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ராஜுவே கடிதம் கொடுத்தார். 2015 ஏப்ரலில் தனி நீதிமன்றம் அவர் உட்பட 10 பேருக்கு ஏழாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது; அடுத்த மாதமே மேல்முறையீட்டில் அத்தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உடைமையாளர் குரல் கொடுத்தால் ஒரே இரவில் இயக்குநர் குழு பணிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குரல் எப்போது எழுந்தது? தம் பணத்துக்குக் கேடு வந்தபோது எழுந்தது. பிறர் வாழ்வுக்குக் கேடு வந்தபோதும் அது எழுகிறதா?

இந்தக் கேள்வியோடு நம் தூத்துக்குடிக்குப் போவோம். பங்கு என்பதன் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே கண்ட ஊர் அது. 1906இல் வ. உ. சிதம்பரனார் அங்கே சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். மூலதனம் 10 இலட்சம். அந்தப் பங்கை வாங்கியவர்கள் இலாபத்தை மட்டும் எண்ணி வாங்கவில்லை. வெள்ளையர் கம்பெனியின் கொட்டத்தை அடக்கும் பணியில் தமக்கும் ஒரு பங்கு என்று எண்ணியே வாங்கினார்கள். அதைவிடப் பெரிய செய்தி ஒன்று. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் குறைந்த கூலியும் நீண்ட வேலை நேரமும் தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் பக்கம் நின்றவரும் வ. உ. சி.தான். ஊரெல்லாம் பங்கு விற்றுக் கம்பெனி நடத்தியவர், கூலிக்காரரின் நியாயத்தையும் தோளில் சுமந்தார். கம்பெனிக்காரனாக இருந்தால் தொழிலாளிக்குப் பகைவனாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை என்பதை அன்றே அவர் காட்டினார்.

அதே தூத்துக்குடியில் பின்னாளில் ஸ்டெர்லைட் தாமிர ஆலை வந்தது. சுற்றுச்சூழலை மாசுபடுத்தியதற்காக 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதற்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. ஆனாலும் ஆலை தொடர்ந்து நடந்தது. 2018 மே 22 அன்று, மக்கள் போராட்டத்தின் நூறாம் நாளில், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் சென்றது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். சுட்டது போலீஸ்; கம்பெனி அன்று. அதை மறைக்கக் கூடாது. அந்த மாதமே அரசு ஆலையை மூடியது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அம்முடிவில் தலையிட மறுத்தது.

நான் கேட்பது வேறு. ஆலையின் தாய்க் கம்பெனியான வேதாந்தாவின் பங்குகளை நாடெங்கும் எத்தனையோ பேர் வைத்திருந்தனர். மேலும் எத்தனையோ பேர் மியூச்சுவல் பண்டு வழியாகத் தெரியாமலே வைத்திருந்தனர். அவர்களில் எத்தனை பேர் தூத்துக்குடியின் காற்றைப் பற்றியும் நீரைப் பற்றியும் கம்பெனியைக் கேட்டனர்? கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கேட்டது தொலைதூரத்து நார்வே. அந்நாட்டின் எண்ணெய் வருவாயைச் சேமிக்கும் பொது நிதிக்கு ஒரு நெறிமுறைக் குழு உண்டு. அக்குழு தூத்துக்குடி ஆலை உள்ளிட்ட வேதாந்தாவின் தொழில்களை ஆராய்ந்தது. அதன் பரிந்துரைப்படி, 2007இலேயே அக்கம்பெனியின் பங்குகள் அந்த நிதிக்கு வேண்டாம் என்று நார்வே அரசு விலக்கியது. பனிநாட்டுக்காரனுக்குத் தூத்துக்குடி மக்கள் பங்காளி ஆனார்கள். நமக்கு அவர்கள் யார்?

இனி, நெஞ்சில் உறுத்தும் மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த 12 பங்குகள் என் சிந்தனையையே மாற்றத் தொடங்கியிருந்தன. தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்கிறது என்று படித்தால், "ஐயோ, விலை விழுமே" என்று தோன்றியது. பணக்காரர் மீது வரி என்ற பேச்சு வந்தால், "சந்தை சரியுமே" என்று மனம் பதைத்தது. என் தந்தை மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துபவர். நானும் நாளை சம்பளத்துக்கு வேலை செய்யப்போகிறவன். எங்கள் வாழ்வு முழுவதும் கூலியின் பக்கம். என் மனம் மட்டும் 12 பங்குகளுக்காக முதலாளியின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. நான் பங்குகளை வாங்கினேனா, பங்குகள் என்னை வாங்கினவா?

நாட்டின் நிலையைப் பாருங்கள். பாரிசிலிருந்து இயங்கும் உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2024இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 2022-23இல் இந்தியாவின் செல்வத்தில் 40.1 விழுக்காடும் வருமானத்தில் 22.6 விழுக்காடும் உச்சியில் உள்ள ஒரு விழுக்காட்டினரிடம் இருந்தன என்பது அவர்கள் கணக்கு. வாரிசுச் சொத்தின் மீதான வரியை நாம் 1985இல் நீக்கினோம். செல்வ வரியை 2015இல் நீக்கினோம். உழைத்துப் பெறும் சம்பளத்துக்கு உச்ச வரி வீதம் 30 விழுக்காடு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கை விற்றுப் பெறும் இலாபத்துக்கு 2024 ஜூலை முதல் 12.5 விழுக்காடு. இந்த ஏற்பாட்டால் பெருநன்மை அடைபவர் சிலர். அதற்குக் கைதட்டுபவர்களோ என்னைப்போல் பன்னிரண்டு பங்குக்காரர்கள்! யானை தின்ற கரும்புக்கு எறும்பு நன்றி சொல்லும் கதையாக இருக்கிறது இது.

"எல்லோரும் பங்கு வாங்கினால் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிடுமே" என்று சிலர் சொல்கிறார்கள். மாதக் கடைசியில் மிச்சம் இருப்பவன்தான் பங்கு வாங்க முடியும். மிச்சமே இல்லாத காவலருக்கு இது என்ன வழி? வேடிக்கை என்னவென்றால், அவரும் ஒருவகையில் பங்குதாரர்தான். 2015 முதல் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியின் ஒரு பகுதி பங்குச் சந்தையில் போடப்படுகிறது. அவர் சம்பளத்திலும் அந்நிதிக்குப் பிடித்தம் உண்டு. ஆகவே அவருடைய காசும் ஏதோ சில கம்பெனிகளில் பங்காக இருக்கிறது. ஆனால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அவரைக் கேட்பாரும் இல்லை. பங்கு உண்டு, குரல் இல்லை.

அப்படியானால் பங்குகளைத் தொடவே கூடாது என்பதா என் முடிவு? அன்று. பொருள் ஈட்டுவதை வள்ளுவரே ஓர் அதிகாரம் வைத்துப் போற்றினார். ஆனால் அப்பொருள் வந்த வழியையும் கேட்கச் சொன்னார். நாமும் கேட்போம். வாங்கும் முன் விலையின் ஏற்றத்தை மட்டும் பாராமல், கம்பெனியின் ஆண்டறிக்கையைப் புரட்டுவோம். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி ஒவ்வொன்றும் தன் இயக்குநர் ஊதியம் நடுத்தர ஊழியர் ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்று வெளியிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். முதல் 1,000 பெரிய கம்பெனிகள், ஒப்பந்தத் தொழிலாளர் எத்தனை பேர், குறைந்தபட்சக் கூலி பெறுவோர் எத்தனை பேர், தண்ணீர்ச் செலவு எவ்வளவு என்றெல்லாம் 2022-23 முதல் அறிக்கை தர வேண்டும். இவற்றைப் படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆய்வுக் கட்டுரைகளில் பிழை தேடும் நமக்கு இது கடினமா?

அடுத்து, வாக்கு. ஒரு பங்கு வைத்திருப்பவனும் இருந்த இடத்திலிருந்தே கைப்பேசியில் வாக்களிக்கலாம். அந்த அழைப்பு வரும் மின்னஞ்சலைத் திறக்காமலே அழித்துவிடுகிறோம். 2021 ஆகஸ்டில் ஐச்சர் மோட்டார்ஸ் கம்பெனியில், நிர்வாக இயக்குநரின் மறு நியமனத்தோடு ஊதிய உயர்வையும் சேர்த்துக் கொண்டுவந்த தீர்மானம், வேண்டிய 75 விழுக்காடு ஆதரவு கிடைக்காமல் தோற்றது. சென்னையில் ராயல் என்பீல்டு வண்டி செய்யும் கம்பெனிதான் அது. பிறகு ஊதிய உயர்வுக்கு வரம்பு குறைத்து மீண்டும் பங்குதாரரிடம் வந்தார்கள். வென்றவை பெரும்பாலும் பெரு நிறுவனங்களின் வாக்குகளே. ஆனால் அந்நிறுவனங்களில் பலவற்றின் பணம் நம்முடைய பணம்தானே! மியூச்சுவல் பண்டுகள் எப்படி வாக்களித்தன என்பதும் வெளியிடப்படுகிறது. அதையும் கேட்போம்.

கேட்டும் திருந்தாத கம்பெனி, பிறர் உயிரையும் ஊரையும் கெடுக்கும் கம்பெனி என்றால், விலகுவோம். "நீ விற்றால் வேறொருவன் வாங்குவான்" என்பார்கள். வாங்கட்டும். திருட்டுப் பொருளை நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்குவான் என்பது நான் வாங்குவதற்குக் காரணமாகாது.

இவ்வளவும் செய்தாலும் போதுமா? போதாது. ஐதராபாத்துக்கு அருகிலுள்ள போச்சம்பள்ளியில்தான் 1951 ஏப்ரலில் பூதான இயக்கம் பிறந்தது. வினோபா கேட்டார், ஒரு நிலக்கிழார் 100 ஏக்கர் கொடுத்தார். உயர்ந்த செயல். ஆனால் உடைமையாளரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி இந்நாட்டு நிலப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. பங்குதாரரின் மனச்சாட்சியும் அப்படியே. சட்டமும் வரியும் சங்கமும் செய்ய வேண்டியவற்றை அது செய்துவிடாது. அவை வரும்போது குறுக்கே நிற்காமல் இருக்கவாவது அது நம்மைப் பழக்கும்.

காவலரின் கதையை முடித்துவிடுகிறேன். பங்குதாரன் என்ற முறையில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன். "தங்கள் அக்கறைக்கு நன்றி" என்று ஒரு வரி வந்தது. அதற்குள் அவரும் உடன் வேலை செய்யும் ஏழு பேரும் சேர்ந்து தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். தெலுங்கில் மனு எழுத என் வகுப்புத் தோழன் உதவினான். மூன்று வாரத்தில் சம்பளம் வந்தது. என் கடிதம் பெற்றுத் தரவில்லை. அவர்களுடைய ஒற்றுமை பெற்றுத் தந்தது. அந்த உண்மையை மறைத்து இங்கே நான் பெருமை தேடிக்கொள்ளப் போவதில்லை.

பங்குகளை நான் இன்னும் விற்கவில்லை. வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், ஒப்பந்தக் காவலாட்களுக்குச் சம்பளம் எந்தத் தேதியில் தரப்படுகிறது என்ற ஒரே கேள்வியை அனுப்பப் போகிறேன். விடை வராவிட்டால் விற்றுவிடுவேன். இலாபம் இருந்தால் அதை என்ன செய்வது என்று அப்போது முடிவு செய்வேன். அது முழுவதும் என்னுடையது என்ற எண்ணம் இப்போது எனக்கு இல்லை.

சம்பளம் வந்த அன்று இரவு தேநீருக்கு அவர்தான் காசு கொடுத்தார். வேண்டாம் என்றேன், விடவில்லை. நான் அந்தக் கம்பெனியின் பங்குதாரன் என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லும் துணிவு எனக்கு வர வேண்டும். தோழர்களே, உங்கள் கைப்பேசியில் உள்ள பெயர்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தக் கம்பெனிகளின் வாசலில் நிற்கும் மனிதனிடம், "நானும் இதில் ஒரு பங்காளி" என்று தலைநிமிர்ந்து சொல்ல முடியுமா? முடியுமானால் வைத்திருங்கள். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று கேட்கத் தொடங்குங்கள்.